கிட்ட இருக்கிற ஆசைகள்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்கு 71 வயது. கல்லடிப் பாலத்துக்கு நடந்து போனால் பத்து நிமிசத்தில் வீடு. மட்டக்களப்பு வாவிக்குள் இருந்து இரவில் கேட்கிற இசை மாதிரியான ஒலியைத்தான் பாடும் மீன் என்கிறோம். அதைப் பற்றி அவவிடம் கேட்டால் கதைகதையாகச் சொல்லுவா. ஆனால் அந்தப் பாட்டை ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. ஒரு நாள் மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டே இதைச் சொன்னா. அன்று பின்னேரம் ஒரு கொப்பி வாங்கினேன். எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் செய்யாமல் விட்டதை அதில் எழுதத் தொடங்கினேன். இப்போது சொந்தக்காரர், கந்தோரில் கூட வேலை செய்பவர்கள், அவர்களுடைய தெரிந்தவர்கள் எல்லாரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஆசைப் பட்டியல் என்பது வெள்ளைக்காரர் பழக்கம் இல்லையா? எங்களுக்கு எதற்கு?

பெயர் புதிது, விசயம் எங்களுடையதுதான். நாங்கள் நேர்த்தி வைக்கிற ஆட்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் மாமாங்கக் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால், கடன் பட்டாவது போய்ச் சேருவோம். ஏன்? அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம், அதற்கு ஒரு நாளும் இருக்கிறது. மனதுக்குள் இருக்கிற ஆசைக்கு இந்த இரண்டுமே இல்லை. யாருக்கும் சொல்வதில்லை, நாளும் வைப்பதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: ஆசையையும் நேர்த்தி மாதிரி நடத்துங்கள். ஒருவரிடம் சொல்லுங்கள், நாளைக் குறியுங்கள்.

கிட்ட இருக்கிறதை ஏன் பட்டியலில் போட வேண்டும்? எப்பவும் போகலாம்தானே?

“எப்பவும் போகலாம்” என்று இருக்கிற இடத்துக்குத்தான் நாங்கள் போகாமல் இருக்கிறோம். கண்டிக்குப் போக மாதக்கணக்காகத் திட்டம் போடுகிறோம். வேன் பிடிக்கிறோம், லீவு எடுக்கிறோம். வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்டூருக்கு எதுவும் போடுவதில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. போர் நடந்த காலத்தில், 2007 வரைக்கும், எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) இருந்தவர்களுக்குப் படுவான்கரை (வாவிக்கு மேற்கே) என்பது நினைத்தபடி போய்வருகிற இடமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொழுதுபடமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற பயம். என் வயதுக்காரர் பலர் அப்படித்தான் வளர்ந்தோம். மறுகா பாதை திறந்தது. ஆனால் போகிற பழக்கம் அதற்குள் விட்டுப்போய்விட்டது. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று யோசித்தால் பெரும்பாலும் காரணமே இருக்காது.

பாடும் மீனை உண்மையிலேயே கேட்க முடியுமா? எப்படி?

முடியும். நான் கேட்டிருக்கிறேன், பெரியம்மாவும் கேட்டுவிட்டா.

சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட மாதங்களில் பூரணையை ஒட்டிய இரவுகள்தான் நல்லவை. மாரியில் ஆற்று வெள்ளம் வாவிக்குள் இறங்கிவிட்டால் சரிவராது. காற்று விழுந்து தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் மீன்பிடிக்கிறவர்களிடம் முன்னமே சொல்லி வையுங்கள். இஞ்சின் படகை விடத் தோணி நல்லது. இஞ்சின் படகில் போனால் நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் உயிர்காப்பு அங்கி போடாமல் ஏற வேண்டாம்.

முதல் தடவை போனபோது எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தில் வாகனச் சத்தம், பக்கத்தில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டாம் தடவை வைகாசிப் பூரணைக்கு அடுத்த நாள், இரவு பதினொரு மணி தாண்டிப் போனோம். தோணிக்காரர் துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைப் பெரியம்மாவின் காதில் வைத்தார். அவ சேலைத் தலைப்பை விலக்கி, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடினா. துடுப்புப் பிடி ஈரம். அதிலிருந்து தண்ணீர் அவவின் கழுத்தால் வழிந்து சட்டைக்குள் போனதை அவ கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில், “இதென்ன புள்ள, ஆரோ தூரத்துல தம்புராவ மீட்டுற மாதிரி” என்றா. பிறகு துடுப்பை எங்களுக்குத் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தா.

எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய ஆட்சிக் காலத்துச் செயலாளர் 1840-களின் கடைசியில் இங்கே வந்து இதைக் கேட்டிருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வருகிற ஒலிக்கு ஒப்பிட்டு எழுதினார். பாடுவது மீன் இல்லை, ஊரி (ஓடுள்ள ஒரு நீர் நத்தை) என்று அன்றைக்கே மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் இருந்து வந்த யேசு சபைத் துறவி லாங் அடிகள் இந்த ஒலியைப் பதிவு செய்தார். கைபேசியில் தேடி அதைக் கேட்டுவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். துடுப்பு வழியாகக் கேட்கும்போது சத்தம் கன்ன எலும்பில் ஏறுகிறது, அது வேறு.

நாளை எப்படிக் குறிப்பது? எங்களுக்கு லீவு கிடைப்பதே கஷ்டம்.

லீவைப் பார்த்து நாள் குறித்தால் ஒன்றும் நடக்காது. இங்கே நாளைச் சொல்வது நிலவும் காற்றும் மழையும் சடங்கும்தான். அவற்றைப் பார்த்து நாளைக் குறித்துவிட்டு, லீவைப் பிறகு தேடுங்கள். நிலவு விசயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. பாடும் மீனுக்கு லீவு கேட்கத் தேவையே இல்லை.

மற்றவை இப்படி ஓடும். பெரும்போக வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, மாசி, பங்குனியில். பாசிக்குடாவில் கடல் தணிந்து கிடப்பது சித்திரை தொடங்கி. கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வருசத்துக்கு ஒரு தடவை, வைகாசியில்தான் கதவு திறக்கும். அந்தச் சடங்கில் அம்மனைக் குளிரவைக்கப் பாடுகிற குளிர்த்திப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று உங்கள் பட்டியலில் இருந்தால், அந்தக் கிழமையைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருசம். மாமாங்கத் தீர்த்தமும் திருக்கோவில் சித்திர வேலாயுதர் கோயில் சமுத்திரத் தீர்த்தமும் ஆடி அமாவாசையில். இரண்டும் ஒரே நாள் என்பதால் இந்த வருசம் எது, அடுத்த வருசம் எது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிற்பகுதியில் இருந்து தை வரைக்கும் மழையும் வெள்ளமும். அந்த மாதங்களில் வாவி, கடல், மலை எதையும் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் லீலா கலண்டர் மாதிரி ஒரு நாட்காட்டி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வருசப் பிறப்பு அன்றே அதில் வட்டம் போட்டுவிடுவோம். வட்டத்துக்குள் ஆளின் பெயர் இருக்கும், இடத்தின் பெயர் இருக்காது. “பெரியம்மா” என்று எழுதியிருந்தால் அந்த நாள் அவவுடையது.

வயதானவர்களிடம் கேட்டால் “எனக்கு ஒரு ஆசையும் இல்ல” என்கிறார்கள். என்ன செய்வது?

“உங்கட ஆசை என்ன?” என்று கேட்டால் எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள். ஆசை என்ற சொல்லுக்கே அவர்கள் வெட்கப்படுகிறார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள். “எங்க போகாம விட்டீங்க?”, “சின்ன வயசுல எதைப் பார்த்து ஆசைப்பட்டீங்க, ஆர் விடல்ல?” அப்புறம் கதை வரும். கேட்கும்போது எழுதாதீர்கள், பயந்துவிடுவார்கள். பிறகு எழுதலாம்.

எங்கள் தெருவில் ஒரு ஐயா ஆரையம்பதியில் பிறந்து வளர்ந்தவர். குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் ஏறிப் போக வேண்டும் என்று சொன்னார். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. சின்ன வயதில் தகப்பனோடு போனாராம், அதற்குப் பிறகு போகவில்லையாம். கூட்டிக்கொண்டு போனோம். அக்கரையில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அதே பாதையில் திரும்பினார். “வேற எங்கயும் போவமா ஐயா?” என்றதற்கு, “வேணாம் மனே, இதுக்குத்தான் வந்த” என்றார்.

எனக்கு 48 வயது. ஒரு தடவையாவது கூத்து ஆட ஆசை. பிந்திவிட்டதா?

இல்லை. ஆனால் இது ஒரு நாள் வேலை இல்லை, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார், அதாவது உங்கள் பாத்திரத்துக்குரிய பாட்டை. பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), கடைசியில் அரங்கேற்றம். எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் கரப்பு மாதிரி விரிந்த பாரமான கரப்புடுப்போடு ஆட வேண்டி வரும். தென்மோடியில் உடுப்பு இலேசு, பாட்டு இழுத்துப் பாடுவது. முழங்காலைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

வயதானவர்களுக்குச் சின்னப் பாத்திரங்கள் உண்டு. கட்டியகாரன் வேடம் கேட்டுப் பாருங்கள். அதுவும் ஏலாது என்றால் பக்கப்பாட்டுக்கு நில்லுங்கள், சல்லாரி (தாளம்) தட்டப் பழகுங்கள். களரிக்குள், அதாவது கூத்து ஆடுகிற அரங்குக்குள், நின்றால் போதும், நீங்களும் கூத்தில் ஒருவர். உங்கள் ஊரில் இந்த வருசம் கூத்து இல்லை என்றால் படுவான்கரையில் எங்கே பழகுகிறார்கள் என்று விசாரியுங்கள். புது ஆள் வந்தால் விரட்டுகிற வழக்கம் இல்லை. நானே ஒரு களரியில் விடியும் வரை இருந்து பார்த்தது என் பட்டியலில் ஒன்று. விடியப்புறம் நாலு மணிக்கு நித்திரை தூங்கிக்கொண்டிருந்த சனம், மத்தளம் ஏறியதும் ஒரேயடியாக நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க முடியாது.

நான் பெண். கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாது. இப்போது கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கேளுங்கள். கரையோர ஊர்களில் பிறந்த எங்கள் பெண்களில் மிகப் பலருக்கு நீச்சல் தெரியாது. இதை நான் ஆசை என்றே சொல்லமாட்டேன், தேவை என்பேன்.

தொடங்கப் பாசிக்குடா நல்லது. நிறையத் தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவில்தான் நிற்கும், அலையும் பெரிதாக இல்லை. காலையில், வெளியாட்கள் சேருமுன் போங்கள். உடம்பை மூடின உடுப்போடே பழகலாம். தெரிந்த பெண் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அது கட்டாயம். வாவியிலும் குளங்களிலும் பழக வேண்டாம். முதலை இருக்கிறது, சேறும் தாவரமும் காலைப் பிடிக்கும்.

அலைச்சறுக்கு வரைக்கும் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏன் போகக்கூடாது? அறுகம்பேயில் உள்ளூர்ப் பெண்களே 2018-ல் பெண்களுக்கான சர்ஃப் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டு வேலையும் பிள்ளைகளும் உள்ளவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே பருவம் சித்திரையில் இருந்து ஐப்பசி வரை.

இதற்கெல்லாம் எவ்வளவு காசு வேண்டும்?

பட்டியலில் பாதிக்கு பஸ் காசு போதும். பாதையில் வாவியைக் கடப்பது, சடங்கு, கூத்து, பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் (1913-ல் கட்டியது, 28 மீற்றர் உயரம்) பொழுது விடிவதைப் பார்ப்பது எல்லாம் அந்த வகை. காசு கேட்பவை தோணி, சஃபாரி, வேன். அவற்றுக்கு நாலைந்து பேர் சேருங்கள். எங்கள் வீட்டில் சீட்டுக் கட்டுகிற மாதிரி மாதாமாதம் கொஞ்சம் போட்டு வைக்கிறோம். யாருடைய முறை வருகிறதோ அவருடைய ஆசைக்கு அந்தக் காசு.

பிள்ளைகளுக்கு என்ன போடலாம்?

அவர்களிடமே கேளுங்கள். கல்முனையில் இருக்கிற என் மச்சாளின் மகன் “கோச்சியில ஏறணும்” என்றான். அம்பாறைக் கரையோரத்தில் ரயில் பாதையே இல்லை, மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதனால் மட்டக்களப்பு ஸ்டேசனில் ஏற்றிக் கல்குடாவில் இறக்கினோம். பாசிக்குடாவுக்குக் கிட்டத்து ஸ்டேசன் அதுதான். மூன்றாம் வகுப்பு, யன்னல் சீட். அவனுக்கு அன்று கடல் ஒரு பொருட்டே இல்லை.

மற்றது வேளாண்மை வெட்டு. போடியார் (வயல்காரர்) குடும்பத்தில் பிறந்தும் வயல் வட்டைக்குள் இறங்காத பிள்ளைகள் இப்போது நிறைய. மெசின் வெட்டினாலும் மூலையில் கொஞ்சம் கையால் வெட்ட விடச் சொல்லிக் கேளுங்கள். வயல் வாடியில் (குடிசையில்) அன்று சமைத்த சோறு, குளத்து மீன் குழம்பு, எருமைத் தயிர். புது நெல்லின் முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவருகிற, புதிர் எடுக்கிற நாளுக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள்.

யானை பார்க்க யாலவுக்கா போக வேண்டும்?

அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! இங்கினியாகலைக்குப் போங்கள். சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் ஆகப் பெரிய நீர்த்தேக்கம். அதைச் சுற்றித்தான் 1954-ல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். அங்கே படகில் போய் யானை பார்க்கலாம். பங்குனியில் இருந்து ஆடி வரை நல்ல காலம். தண்ணீர் வற்றக் கரையில் புல் முளைக்கும், யானைகள் அதைத் தேடி வரும். ஒரு தீவில் இருந்து இன்னொரு தீவுக்கு அவை நீந்துவதையும் காணலாம். தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்.

பறவைக்கு என்றால் குமண தேசியப் பூங்கா. சித்திரைக்குப் பிறகு கூடு கட்டும் காலம். யானைக்கு நான் சொல்கிற ஒரே எச்சரிக்கை, பொழுதுபட்ட பிறகு படுவான்கரைக் காட்டோர ஊர்களில் மோட்டார் சைக்கிளில் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அங்கே அவை பயிரையும் உயிரையும் எடுக்கின்றன. அந்த ஊர்க்காரருக்கு யானை ஒரு காட்சி இல்லை.

ஹெர்மிஸ் கப்பலைக் கடலுக்கடியில் போய்ப் பார்க்கலாமா?

பெரும்பாலோரால் முடியாது. 9 ஏப்ரல் 1942-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானியக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. விசேட பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டுமே உரியது. முந்நூறுக்கும் அதிகமானோர் அன்று இறந்தார்கள். அதே நாளில் கரையில் நின்று அந்தத் திசையைப் பார்ப்பதும் ஒரு வகையில் போய்ப் பார்ப்பதுதான்.

நான் கனடாவில் இருந்து டிசம்பரில் இரண்டு கிழமை வருகிறேன். எல்லாவற்றையும் செய்ய முடியுமா?

முடியாது, டிசம்பர் மாரி. ஆனால் மாரிக்கும் ஒன்று இருக்கிறது. உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ நிரம்பி வான்கதவு திறக்கிற நேரம் போய்ப் பாருங்கள். சத்தம் தூரத்திலேயே கேட்கும், முகத்தில் தூவானம் அடிக்கும். பாதுகாப்பாக எங்கே நிற்கலாம் என்று ஊர்க்காரரிடம் கேட்டு நில்லுங்கள். பச்சை வேளாண்மையைப் பார்க்கவும் அதுதான் மாதம். அடுத்த தடவை வைகாசியில் வாருங்கள். ரிக்கட் போடுமுன் பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள்.

வரும்போது உங்கள் பட்டியலை மட்டும் கொண்டுவர வேண்டாம். இங்கே இருக்கிறவர்களின் பட்டியலில் ஒன்றுக்குத் துணையாகப் போங்கள்.

ஆசைப்பட்டுப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால்?

நடக்கும். கிரானால் உள்ளே போய்க் குடும்பிமலை ஏற எனக்குப் பல வருச ஆசை. வழி தெரிந்த ஆட்களோடு காலையிலேயே போனோம். ஏறியதும் மேகம் மூடிவிட்டது, கீழே ஒன்றுமே தெரியவில்லை. பெரிய கவலைதான். கொப்பியில் அதை வெட்டவில்லை, பக்கத்தில் “திரும்ப” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மருதமுனையில் தறி பார்க்கப் போனது இதற்கு நேர்மாறு. என் சிநேகிதி ஒருத்தி, காத்தான்குடிக்காரி, அவளுடைய உம்மாவைக் கூட்டி வந்தாள். வாழ்நாள் முழுக்க மருதமுனைச் சாரமும் சேலையும் வாங்கியவ, நெய்வதைப் பார்த்ததில்லை. சும்மா பார்க்கத்தான் போனது. தறிக்காரம்மா எழும்பி, “இரிங்க, ரெண்டு இழை போடுங்க” என்றா. உம்மா தறியின் நூல் ஓடத்தைத் தட்டினா, நூல் அறுந்தது. அவ பதறிப்போக, தறிக்காரம்மா சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் முடிச்சுப் போட்டுவிட்டா. அந்தச் சேலையையே உம்மா வாங்கிக்கொண்டு போனா.

உங்கள் கொப்பியில் இன்னும் என்ன மிச்சம்?

உகந்தையில் இருந்து கதிர்காமம், கால்நடையாக. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலில் இருந்து நடந்து வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். ஒவ்வொரு வருசமும் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறோம், கூட நடந்ததில்லை. உகந்தை முருகன் கோயிலில் இருந்து காட்டுப் பாதை திறக்கிற நாளை வருசாவருசம் அறிவிப்பார்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று ஐந்தாறு நாள் நடை. தண்ணீரும் அரிசியும் தோளில்.

பெரியம்மாவும் வருவேன் என்கிறா. உகந்தை வரைக்கும் பஸ்ஸில் வந்து, காட்டு வாசலில் எங்களை அனுப்பிவிட்டுத் திரும்புவதாகப் பேசி முடித்திருக்கிறோம். நாட்காட்டியில் வட்டம் போட்டாயிற்று. இப்போது தினமும் விடிய ஐந்து மணிக்குக் கல்லடிப் பழைய பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்து பழகுகிறேன்.